தனியாகக் கிடக்கும் முயல் குட்டி அநாதை இல்லை

(கோவில்பட்டி பகுதி மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது முயல் வளர்க்கிற உறுப்பினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியைப் பற்றிப் பேசலாம். முயல் வளர்க்காதவர்களும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். காட்டு வேலைக்குப் போகிற எல்லோருக்கும் ஒருநாள் இது உதவும்.

நம்ம பக்கம் புஞ்சையைக் 'காடு' என்றுதான் சொல்வோம். அந்தக் காட்டில் நமக்கு முன்னாலிருந்தே குடியிருப்பது காட்டு முயல். மார்கழி, தை மாதத்தில் உளுந்து பிடுங்கும்போதும் மக்காச்சோளம் ஒடிக்கும்போதும் அதன் குட்டி கண்ணில் படும். உள்ளங்கை அளவுதான் இருக்கும். கண்ணை முழித்துக்கொண்டு, அசையாமல், மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடக்கும். சுற்றிலும் தேடினாலும் தாயைக் காண முடியாது. "பாவம், தாயில்லாப் பிள்ளை. நாய் கடிச்சுப் போடும்" என்று மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள். வீட்டில் வெள்ளை முயல் குட்டி போட்டிருந்தால், "அதோட இதும் பால் குடிச்சிட்டுப் போகட்டும்" என்று அந்தப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

செய்வது இரக்கத்தில்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் முடிவு பெரும்பாலும் நல்லதாக இருப்பதில்லை.

ஒரு ஊரில் ஓர் உறுப்பினர் குழுக்கடன் வாங்கி முயல் வளர்க்கிறார். உளுந்துக் காட்டில் கிடந்த 2 காட்டு முயல் குட்டிகளைக் கொண்டு வந்து, தன் முயல் போட்டிருந்த 6 குட்டிகளோடு சேர்த்து விட்டார். தாய் முயல் புதுக் குட்டிகளைக் கடித்தது, காலால் உதைத்தது. மிரண்டு போய்ப் பெட்டிக்குள் குதித்ததில் அதன் சொந்தக் குட்டி 2 மிதிபட்டுச் செத்துப்போயின. காட்டுக் குட்டிகளை வெளியே எடுத்துச் சங்கில் பசும்பால் புகட்டினார்கள். வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, நாலு நாளைக்குள் அவையும் போய்விட்டன. "நான் நல்லதுதானே நெனச்சேன் மேடம், என்ன தப்பு செஞ்சேன்?" என்று அந்த அக்கா கேட்டார்.

அவர் மனசில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு வேறு வேறு பிராணிகளுக்கு நாம் 'முயல்' என்று ஒரே பேர் வைத்திருக்கிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டு முயல் வேறு, காட்டு முயல் வேறு

நாம் கூண்டில் வளர்க்கும் முயலின் பூர்வீகம் ஐரோப்பா. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த முயலைப் பிடித்துப் பழக்கியதில் வந்த வம்சம் இது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்று அங்கே வளர்க்கிற இனங்கள் எல்லாம் இந்த வம்சம்தான்.

நம்ம கரிசல் காட்டில் ஓடுவது அந்த வம்சம் இல்லை. அதற்கு இந்தியாவும் இலங்கையும்தான் சொந்த ஊர். பிடரியில் கறுப்பு முடி இருப்பதால் கறும்பிடரி முயல் என்பார்கள். இது வளை தோண்டாது. புல்லிலோ பயிருக்குள்ளோ உடம்பு அளவுக்கு ஒரு படுகை அமைத்துக்கொண்டு படுக்கும்.

வித்தியாசத்தைக் குட்டியிலேயே பார்க்கலாம். வீட்டு முயலுக்குச் சினைக்காலம் 30 முதல் 32 நாள். குட்டி பிறக்கும்போது முடி இருக்காது, கண் திறந்திருக்காது. கண் திறக்க 10 முதல் 12 நாள் ஆகும். அதனால்தான் தாய் தன் முடியைப் பிடுங்கி மெத்தை போடுகிறது. காட்டு முயல் 40 நாளுக்கும் மேல் சுமக்கிறது. குட்டி முழு முடியோடு, கண் திறந்தே பிறக்கிறது. கொஞ்ச நேரத்திலேயே நகரவும் செய்யும். அதைப் பெட்டிக்குள் கண் திறக்காத குட்டிகளோடு போட்டால் எப்படி இருக்கும்? பச்சைப் பிள்ளைகள் தூங்குகிற தொட்டிலில் ஓடியாடும் பிள்ளையை விட்ட கதைதான்.

"ரெண்டையும் சேர்த்து வளர்த்தா கலப்பினம் கிடைக்குமா?" என்றும் சிலர் கேட்டார்கள். கிடைக்காது. வீட்டு முயலுக்கு உடம்பு அணுவில் 44 குரோமோசோம், காட்டு முயலுக்கு 48. வெள்ளாடும் பசுவும் எப்படியோ அப்படி வேறு வேறு ஜாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் எங்கே போனது?

தாய் எங்கேயும் போகவில்லை. பக்கத்தில் ஏதாவது ஒரு புதரிலோ பொழியிலோ படுத்திருக்கும். குட்டிக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்றே ஒதுங்கி இருக்கிறது.

காரணம் இருக்கிறது. காட்டு முயல் குட்டிக்கு நரி, காட்டுப்பூனை, கீரி, நாய், பருந்து என்று எத்தனையோ எதிரிகள். வளை இல்லாததால் ஓடி ஒளிய இடமும் இல்லை. குட்டியின் உடம்பில் வாடை ரொம்பக் குறைவு. அசையாமல் கிடந்தால் மண்கட்டி மாதிரி இருக்கும். பெரிய முயலுக்கு வாடை உண்டு. அது பக்கத்திலேயே இருந்தால் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு நரி நேராகக் குட்டியிடம் வந்துவிடும். அதனால் தாய் பகல் முழுக்க விலகியே இருக்கிறது. பொழுது அடைந்த பிறகு வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுத் திரும்பவும் போய்விடுகிறது. 24 மணி நேரத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் பால்.

"ஒரு தடவை குடிச்சா போதுமா?" என்று கேட்பீர்கள். போதும். முயல் பால் அவ்வளவு கெட்டி. வீட்டு முயல் பாலை எடுத்துக்கொண்டால், கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறக்குறைய 3 மடங்கு இருக்கும். பால் சர்க்கரை மட்டும் பசும்பாலில் இருப்பதில் பாதிகூட இருக்காது. வீட்டு முயலும் ஒரு நாளைக்கு ஒரு தடவை, 3 முதல் 5 நிமிடம்தான் பால் கொடுக்கிறது. முயல் வளர்க்கிறவர்கள் கவனித்திருப்பீர்கள். மற்ற நேரம் தாய் கூட்டுப் பக்கமே போகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்டு முயல் குட்டிகள் பிறந்த சில நாளில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து தனித்தனியாகப் படுத்துக்கொள்ளும். பால் நேரத்துக்கு மட்டும் கூடும். ஒரே ஒரு குட்டி தனியாகக் கிடந்தால் மற்றதெல்லாம் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் காலையில் பிள்ளையைப் பால்வாடியிலோ பாட்டியிடமோ விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கும் காட்டு வேலைக்கும் போகிறோம்? வழியில் போகிற யாரோ ஒருத்தர், "இந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லை" என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு போனால் சாயங்காலம் வந்து பார்க்கிற தாய்க்கு எப்படி இருக்கும்? காட்டு முயலுக்கும் அதே நிலைமைதான். இருட்டிய பிறகு மடி நிறையப் பாலோடு வந்து தேடும். குட்டி அங்கே இருக்காது.

காட்டில் குட்டியைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

1. தொட வேண்டாம், தூக்க வேண்டாம். கண் திறந்து, காயம் இல்லாமல், சுருண்டு கிடந்தால் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்று வேடிக்கை பார்த்தால் தாய் வராது.

2. நாய் பக்கத்தில் இருந்தால் நாயை அப்புறப்படுத்துங்கள். குட்டியை அப்புறப்படுத்த வேண்டாம்.

3. அறுவடை நடக்கிற இடத்தில் கிடந்தால், அந்த இடத்தைச் சுற்றி நாலைந்து செடியை மட்டும் பிடுங்காமல் விடுங்கள். அதற்கு வழியில்லை என்றால், கையில் கொஞ்சம் புல்லை வைத்துக் குட்டியை எடுத்து, சில எட்டு தூரத்துக்குள் பொழியிலோ வரப்பிலோ நிழலாக வையுங்கள். தூரமாகக் கொண்டு போனால் தாயால் கண்டுபிடிக்க முடியாது.

4. ஏற்கனவே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டால், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எடுத்த இடத்திலேயே கொண்டு போய் விடுங்கள். "கை பட்டுருச்சு, இனிமே தாய் சேர்க்காது" என்று சொல்வார்கள். அதை நம்பிக் குட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். தாய் பெரும்பாலும் தேடி வரும்.

5. மனசு கேட்கவில்லை என்றால் மறுநாள் காலையில் தூரத்தில் நின்று ஒரு பார்வை பாருங்கள். குட்டி இடம் மாறியிருந்தாலோ, தெம்பாகப் படுத்திருந்தாலோ தாய் வந்து போயிருக்கிறது. இரவு பால் குடித்த குட்டி பகல் முழுக்கப் பசியில்லாமல் கிடக்கும். அதனால் ஒரு இரவு பொறுத்துப் பார்க்க நமக்கு நேரம் இருக்கிறது.

நிஜமாகவே உதவி தேவை என்றால்

தாய் பக்கத்திலேயே செத்துக் கிடந்தால், நாயோ பூனையோ கடித்திருந்தால், புண்ணில் புழு வைத்திருந்தால், எறும்பு மொய்த்திருந்தால், மறுநாள் காலையில் வயிறு ஒட்டி, உடம்பு சில்லென்று ஆகி, தலை தூக்க முடியாமல் கிடந்தால், அந்தக் குட்டிக்கு உதவி வேண்டும். அப்போது இப்படிச் செய்யுங்கள்.

ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுப்போகத் துளை போட்டு, பழைய பருத்தித் துணி விரித்து, அதில் குட்டியை வைத்து மூடுங்கள். உடம்பு சில்லென்று இருந்தால் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். பெட்டியை இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். டி.வி. பக்கம் வேண்டாம். பிள்ளைகள் மாறி மாறித் தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். காட்டு முயல் பயத்திலேயே செத்துப்போகிற பிராணி.

பசும்பால், பவுடர் பால், சாதம் வடித்த கஞ்சி எதையும் புகட்ட வேண்டாம். குடல் ஒத்துக்கொள்ளாது. சில்லிட்ட உடம்போடு இருக்கிற குட்டிக்குப் பால் ஊற்றினால் செரிக்காது. வாயில் ஊற்றுகிற பால் நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து. முதலில் சூடு, பிறகு இருட்டு, பிறகு வனத்துறைக்குத் தகவல். இந்த மூன்றும் போதும்.

வீட்டு முயல் இருக்கிற கொட்டகைக்குள் அதைக் கொண்டு போகவே கூடாது. காட்டு முயலிடம் உண்ணி, சொறி, குடல் கழிச்சல் கிருமி எல்லாம் இருக்கலாம். கூண்டில் ஒரு முயலுக்குச் சொறி வந்தால் வரிசையாக எல்லாவற்றுக்கும் பரவும். கடன் வாங்கி வளர்க்கிறவர்களுக்கு இது பெரிய நஷ்டம். காட்டுக் குட்டியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கூண்டுப் பக்கம் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

காட்டு முயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பிராணி. வேட்டையாடுவதும் கறிக்கு விற்பதும் மட்டும் குற்றம் இல்லை. பிடித்து வீட்டில் வளர்ப்பதும் குற்றம்தான். "நான் பாசத்துல வளர்த்தேன்" என்று சொன்னாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை. வனவிலங்கு ஒன்று நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. 2022ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பொதுவான குற்றங்களுக்கு அதிகபட்ச அபராதம் முன்பு 25,000 ரூபாய், இப்போது 1 லட்சம் ரூபாய். சிறைத்தண்டனையும் உண்டு.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முயல் வேட்டைக்குப் போகிற அண்ணன் தம்பிமாருக்கும், குட்டி பிடித்து விளையாடுகிற பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்ல நமக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். நமது மாவட்டத்தில் வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. நம்ம பக்கத்திலேயே குருமலைக் காட்டில் மான்கள் இருக்கின்றன. முயல் மட்டும் அந்த மாதிரி தனி இடத்தில் இல்லாமல் நம் புஞ்சையிலேயே இருக்கிறது. அதனால் அதைப் பார்த்துக்கொள்கிற வேலையும் நம்மிடம்தான் வந்து சேருகிறது.

நம்ம வீட்டு முயல் குட்டி தாயை இழந்தால்

இது வேறு கதை. வீட்டு முயல் குட்டிக்கு மாற்றுத் தாய் வைக்கலாம். நன்றாகவே வளரும்.

முதலில், தாய் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முயலுக்கு நம்மைப் போல வியர்த்து உடம்பு குளிராது. பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் சினை முயலும் குட்டி போட்ட முயலும் வெப்பம் தாங்காமல் செத்துவிடும். கொட்டகைக் கூரை மேல் தென்னந்தட்டியோ சோளத்தட்டையோ பரப்புங்கள். பக்கவாட்டில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். குடிதண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

இரண்டு தாய் முயல்களை ஒரே நாளில் இணை சேர்த்தால் இரண்டும் ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே குட்டி போடும். ஒன்று செத்தாலோ, பால் இல்லாமல் போனாலோ, அதன் குட்டிகளை மற்றதிடம் விடலாம். வயது வித்தியாசம் 2, 3 நாளுக்குள் இருக்க வேண்டும். ஒரு தாயிடம் மொத்தம் 8 குட்டிக்கு மேல் வேண்டாம். குட்டிகளை மாற்றும்போது தாயை வெளியே எடுத்துவிட்டு, புதுக் குட்டிகளை அந்தத் தாயின் முடிக்குள் மற்றக் குட்டிகளோடு கலந்து வையுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வாடை ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு தாயை விடுங்கள்.

தினமும் காலையில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டையாக, இறுக்கமாக இருந்தால் பால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி இருந்தால் குடிக்கவில்லை.

மாற்றுத் தாய் கிடைக்கவே இல்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, காய்ச்சி ஆறவைத்த வெள்ளாட்டுப் பாலை வெதுவெதுப்பாகக் கொடுத்துப் பார்க்கலாம். பிறந்த குட்டிக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 3 மில்லி, ஒரு வாரக் குட்டிக்கு 5 முதல் 7 மில்லி, நாளைக்கு இரண்டு வேளை. மருந்து சொட்டுவிடும் குழாயால், குட்டியை நிமிர்த்தி வைத்து, துளித் துளியாக விட வேண்டும். மல்லாக்கப் போட்டுப் புகட்டக் கூடாது. குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை மெதுவாகத் தடவினால்தான் சிறுநீரும் சாணமும் கழிக்கும். தாய் நக்கிவிடுகிற வேலையைத்தான் அந்தப் பஞ்சு செய்கிறது. இவ்வளவு செய்தும் எல்லாக் குட்டியும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் மாற்றுத் தாயே முதல் வழி என்கிறோம்.

குழுவில் போட வேண்டிய தீர்மானங்கள்

அடுத்த வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இந்த நாலு விஷயத்தைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

ஒன்று, கோவில்பட்டி வனச்சரக அலுவலகத் தொலைபேசி எண்ணையும், பக்கத்துக் கால்நடை மருந்தக எண்ணையும் கேட்டு வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு, அறுவடை இயந்திரம் விடுகிறவர்கள் நடுக்காட்டில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக வரச் சொல்ல வேண்டும். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போனால் முயலும் குட்டியும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அறுவடை முடிந்த தட்டைக்குத் தீ வைக்காமல் மாட்டுக்கு எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மூன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, "தனியாக் கிடக்கிற முயல் குட்டியைத் தூக்காதே, தாய் ராத்திரி வரும்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் சொன்னால் அப்பாமாரும் கேட்பார்கள்.

நாலு, முயல் வளர்க்கிற உறுப்பினர் யாரும் காட்டுக் குட்டியைக் கொட்டகைக்குள் சேர்க்கக் கூடாது. குழுக்கடனில் வாங்கிய முயலைப் பார்த்துக்கொள்வது குழுவின் பொறுப்பும்தான்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். "எங்க பாட்டி காலத்துல இருந்து தூக்கிட்டு வந்துதான் வளர்க்குறோம்" என்பார்கள். அவர்களிடம் சண்டை போட வேண்டாம். "கொண்டு வந்ததுல எத்தனை பிழைச்சுச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

இந்தத் தை மாதம் உளுந்துக் காட்டில் ஒரு குட்டியைப் பார்த்துவிட்டு, மனசு அடித்துக்கொண்டாலும் தூக்காமல் வீட்டுக்கு வந்தால், அந்தக் குட்டிக்கு நீங்கள் நல்லதுதான் செய்திருக்கிறீர்கள். இருட்டியதும் அதன் தாய் வந்து பால் கொடுக்கும். சந்தேகம் இருந்தால் எங்கள் களப்பணியாளர்களிடம் கேளுங்கள்.